ஒரு இணுக்கு கறிவேப்பிலை

ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்க பால்கனிக்குப் போன செண்பகவல்லி, இலையின் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு முட்டையைப் பார்த்தாள். கடுகளவுதான் இருந்தது. வண்ணத்துப்பூச்சி முட்டை.

போன வருஷமும் இதே தொட்டிச் செடியில் ஒரு புழு வந்தது. கோவில்பட்டியில் எந்த வீட்டுத் தோட்டத்திலும் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்ததால், சந்தோஷம் தாங்காமல் அவளே பூச்சிப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். புழுவைக் காப்பாற்ற வேண்டுமென்று அன்று மாலையே பால்கனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். துணியெல்லாம் அறைக்குள்ளேயே காய்ந்து நாறியது. பார்க்க வந்தவர்கள் செருப்போடு அடுப்படிக்குள் புகுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் டீ போட்டாள். புகை ஆகாது என்று தாளிக்கவும் விடவில்லை. பூச்சி பறந்துபோய் மாசக்கணக்கான பிறகுதான் சீலை எடுத்தார்கள். ஆனாலும், அது சிறகு விரித்த அன்று கைதட்டி அழுதவள் அவள்தான்.

"என்ன, அங்கேயே நின்னுட்ட? செடியில ஏதும் இருக்கா?" உள்ளேயிருந்து கணவன் வேலாயுதம் பயத்தோடு கேட்டான்.

"ஒண்ணுமில்லங்க."

முட்டை இருந்த இணுக்கையே ஒடித்துக்கொண்டு வந்தாள். எண்ணெயில் கடுகு வெடித்து அடங்கியதும் உருவிப் போட்டாள். படபடவென்று பொரிந்தது.

"நம்ம வீட்டுக் கறிவேப்பிலை வாசம் வந்து எத்தன நாளாச்சு!" என்று ரசத்தை ஊற்றிப் பிசைந்த வேலாயுதம், வழக்கம்போல் இலைகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான்.

செண்பகவல்லி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"அத எதுக்குத் திங்குற?"

"வீணாக்கக் கூடாதுல்ல" என்றாள், அவனைப் பார்க்காமல்.