மூன்றாம் ஓலை

“மூணாம் ஓலை வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லியாச்சா?” என்று வினவினாள் அந்தோணியம்மாள். அழுதழுது அவள் விழிகள் சிவந்திருந்தன.

“சொல்லிட்டேம்மா. மாப்பிள்ளை வீட்டுக்கும் எஸ்.டி.டி. போட்டுப் பேசிட்டேன்.”

புனேயை அடுத்த தேஹு ரோட்டில் இருந்த அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தின் நீண்ட பெஞ்சில், தாயின் அருகே வந்தமர்ந்தாள் சோனியா. அவளது திருமண அறிவிப்பான ஓலை மாதா கோயிலில் இரண்டு ஞாயிறுகள் வாசிக்கப்பட்டுவிட்டது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். அதற்குள், ராணுவப் படைக்கலக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தந்தை கிறிஸ்டோபர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இனிப் பிழைக்கமாட்டார் என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

“அந்தப் பையன் என்னடி சொன்னான்?”

“எத்தனை நாள் காத்திருக்கணும்னு கேட்டார். காத்திருக்காதீங்கன்னுட்டேன்.”

“அதுதான் சரிம்மா” என்றார் எதிரே நின்ற பரமசிவம். கிடங்கின் தொழிற்சங்கத்தில் பல்லாண்டு பழகியவர் அவர். “சர்வீஸ்ல இருக்கும்போதே போனாத்தான் வாரிசுக்கு வேலை. ரிட்டயர் ஆகி மறுநாள் போனாக்கூட ஒண்ணும் கிடையாது. அதுலயும் கல்யாணம் ஆன பொண்ணை லிஸ்ட்லயே சேர்க்க மாட்டான்.”

“ஆம்பளப் பிள்ளைன்னு ஜோஷுவா இருக்கானே, அண்ணே?”

“உங்க மகனா? விமான் நகர்ல மாமியார் வீட்டு சோபாவை விட்டு எழுந்திருப்பானா அவன்? இந்த வேலை அவன் கைக்குப் போச்சுன்னா, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு நீங்க எங்க போவீங்க, அண்ணி?”

அந்தோணியம்மாள், பெண்ணுக்குப் பத்தாவது போதும் என்று படிப்பை நிறுத்திய அதே கையால் மகளின் தலையைத் தடவினாள்.

“இனிமே நீதான்டி வீட்டுக்குத் தலை.”

கைகூடாது போன மணவாழ்வை எண்ணிச் சோனியாவின் நெஞ்சு கனத்தது. எனினும், அன்னையின் அச்சொல் அவளுக்கு இனிக்கவே செய்தது. அடுப்படிக்கு அப்பால் தனக்கென ஒரு மேசை, ஒரு நாற்காலி. பெயர் சொல்லி அழைக்கும் பத்துப் பேர்.

“ஆபீசுக்குச் சேலைதான் கட்டணுமா மாமா, இல்ல சுடிதார் போடலாமா?”

“சுடிதாரே போடும்மா. இப்ப அங்க எல்லாப் பொண்ணுங்களும் அதுதான்.”

அவ்வேளையில் உள்ளிருந்து விரைந்து வந்த நர்ஸ், முகமெல்லாம் மலர இந்தியில் கூறினாள்: “கிறிஸ்டோபர் வீட்டுக்காரங்க நீங்கதானே? டாக்டரே நம்பலை. கண்ணைத் திறந்துட்டார். ஆபத்து இல்லையாம். மகள் கல்யாணத்தைத் தன்னால தள்ளிப் போட்டுடாதீங்கன்னு சொல்றார்.”

இம்மாத இறுதியில் பணி ஓய்வு பெறவிருந்த அந்த மனிதரை உள்ளே சென்று காண, மூவரில் ஒருவருக்கும் கால் எழவில்லை.