சார் சொன்னார்

மனைவி பண்ணைக் கணக்கு வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து கோழிப்பண்ணைக்காரருக்கு வயிறு எரிந்தது. அவள் வாயைத் திறந்தாலே சார் புராணம்தான்.

"வீட்டுக்கு எடுக்கிற முட்டையையும் பண்ணை வரவுல எழுதணுமாம். சார் சொன்னார்."

"ஓஹோ."

"முட்டை விடாத கிழட்டுக் கோழிங்களுக்குத் தீவனம் போடறது தெண்டமாம். வித்துடணுமாம்."

"அதுவும் அவர்தான் சொன்னாரா?"

"ஆமாங்க. என்ன விவரமான மனுஷன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளே விற்றார். தீவனச் செலவு மளமளவென்று இறங்கியது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்த ஆள் இளவட்டமா, கல்யாணம் ஆனவனா என்ற யோசனையில் தூக்கம் கெட்டது.

ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வகுப்பு முடியும் நேரத்துக்கு நேரிலேயே போய்விட்டார். பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த நரைமுடி அம்மாளிடம், "கணக்கு சார் எங்கே?" என்றார் விறைப்பாக.

"சாரா? இங்கே பாடம் எடுக்கிறது நான் ஒருத்திதான்."

"அப்போ கிழட்டுக் கோழியை விக்கச் சொன்னது யாரு?"

"இதோ, இவங்கதான்," என்று அவர் மனைவியைக் காட்டினார் அந்த அம்மாள். "நான் வரவு செலவு எழுதத்தான் கத்துக்கொடுத்தேன். எழுதிப் பார்த்து நஷ்டம் எங்கேன்னு இவங்களே கண்டுபிடிச்சாங்க."

அவர் மனைவியிடம் திரும்பினார். "எதுக்கு இந்தப் பொய்?"

"போன வருஷமே விக்கலாம்னு நான் சொன்னேன். 'உனக்கென்ன தெரியும்'னு கேட்டீங்க," என்றாள் அவள். "சார் சொன்னார்னதும் மறுநாளே வித்துட்டீங்களே!"