சிவப்பு மூடி

வாட்ச்மேன் பெரியவர் யாரையும் நம்ப மாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால், பூட்டியது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வரும். அப்பேர்ப்பட்ட ஆளின் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

ஆலை மதிலோரம் இரண்டு பாத்திகள். ஒன்றில் எண்ணெய்க் கழிவைக் கொட்டி ஆறு மாதமாகக் கிளறிவிட்டிருந்தார்கள். இன்னொன்று வெறும் மண். கழிவின் விஷத்தை மண்ணே தின்று தீர்க்கிறதா என்று சோதனை. தீர்த்துவிட்டால் மதிலுக்கு அந்தப் பக்கம் பத்து ஏக்கரில் கொட்ட அனுமதி. அங்கேதான் பெரியவரின் மகள் வீடு, கிணறு, இரண்டு பேத்திகள்.

மண் எடுக்க வந்த அதிகாரியம்மாவின் காதில் மேனேஜர் ஏதோ கிசுகிசுத்தார். அந்தம்மா தலையை ஆட்டினாள்.

'ஆச்சு, பேரம் படிஞ்சாச்சு' என்று பல்லைக் கடித்தார் பெரியவர்.

இரண்டே பாட்டில். எழுத்து எதுவும் இல்லை, மூடியின் நிறம்தான் அடையாளம். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தம்மாவோ வெறும் மண்ணை அள்ளிச் சிவப்பு மூடி போட்டாள். கழிவு மண்ணுக்கு வெள்ளை!

"பெரியவரே, கொஞ்சம் பார்த்துக்குங்க. கை கழுவிட்டு வந்துடறேன்."

பார்த்துக்கொண்டார். மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டு, மீசையையும் ஒரு முறை தடவிக்கொண்டார்.

பத்தாம் நாள் அனுமதி வந்துவிட்டது. மறுநாளே மகள் வீட்டுப் பின்னால் லாரிகள்.

பெரியவர் அந்தம்மாவின் ஆபீசுக்கே போய்க் கத்தினார். "எவ்வளவும்மா வாங்கினே?"

"நானா? அன்னிக்கு மண்ணை மாத்தி வைக்கச் சொல்லி அந்த மேனேஜர் கேட்டதுக்கு முடியவே முடியாதுன்னு தலையாட்டிட்டேனே! ரிப்போர்ட்டுல கழிவு மண்ணு சுத்தமாம், வெறும் மண்ணுல விஷமாம். மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரங்கதான் கொட்டிக் கெடுத்தாங்கன்னு அந்த ஆள் எழுதிக் கொடுத்துட்டான். திரும்ப மண்ணெடுக்கலாம்னு போனா, பாத்தியையே வாரி எடுத்துட்டான்."

"பூசி மெழுகாதே! வெறும் மண்ணுக்கு நீ சிவப்பு மூடி போட்டதை இந்தக் கண்ணால பார்த்தேன்!"

"சிவப்பு மூடியை எண்ணெய் அரிச்சிடும் பெரியவரே. எங்க ஆபீசுல கழிவுக்கு எப்பவும் வெள்ளைதான்."

பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேனேஜர் எவ்வளவு கொடுத்தாலும் செய்ய ஆள் கிடைக்காத அந்தத் திருட்டு வேலையை, சல்லிக் காசு வாங்காமல் முடித்துக் கொடுத்திருந்தார் அவர்.