மர வல்லூறு

பறவை ஆராய்ச்சிக்காக, புல்வெளிக்கு மேலே கட்டிய கம்பியில் மரத்தால் செய்த வல்லூறு பொம்மையை இழுத்துவிடுவது நவநீதனின் வேலை. அதற்குப் பயந்த சில்லைக் குருவிகள், சட்டென்று எழும்பிப் பறக்கத் தோதாக, குறைவாகத் தின்று மெலிந்தன. அவற்றைப் பிடித்து எடைபோடும் பெஞ்சமினும் மெலிந்திருந்தான். அவன் மனைவி சிக்கலான பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போன மழையில் மனைவியைப் பறிகொடுத்த நவநீதனுக்கோ தொப்பை விழுந்திருந்தது.

"நல்லா பூசிட்டே மாப்ளே. எனக்குச் சோறே எறங்கல."

"எனக்குத்தான் இனி பயமே இல்லையேடா."

பெஞ்சமினின் போன் அடித்தது. கையிலிருந்த குருவியை நவநீதனிடம் திணித்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினான். விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான். நவநீதனுக்கு வயிறு எரிந்தது. பதறி ஓடப் பெஞ்சமினுக்கு ஒருத்தி இருந்தாள்.

உள்ளங்கையில் குருவியின் நெஞ்சு படபடத்தது. நவநீதன் அதை மெல்லத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டான்.