ஒரு சொட்டுகூட வீணாகல

பக்கத்து வீட்டில் டிரம்மைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டதுமே அவள் உள்ளே ஓடினாள். அடுத்தது நம்ம வீடுதான். காய்ச்சலில் கிடந்த மகளின் கட்டில் விரிப்பைத் தரை தொட இழுத்துவிட்டு அவள் நிமிர்வதற்குள், தெருவே கொசுக்காரம்மா என்று கூப்பிடும் சுகாதார ஊழியர் வாசலுக்கு வந்துவிட்டார்.

“தண்ணி பிடிச்சு வெச்சிருக்கீங்களா?”

“பத்து நாளைக்கு ஒரு தடவை வர்ற தண்ணியில எதைப் பிடிச்சு வெக்கிறது? மூணு மாசமா மழையே இல்ல, கொசு மட்டும் எங்கேருந்து வருதாம்?”

“மழை இல்லாததாலதான் வருது. ஆளாளுக்குத் தண்ணியைச் சேத்து, மூடாம வெக்கிறாங்க. இதுதான் அதுல வளருது.” கையிலிருந்த பாட்டிலைக் காட்டினார். உள்ளே பொடிப் புழுக்கள் துள்ளித் துள்ளி நெளிந்தன.

“கருமம்! எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது.”

சமையலறை, குளியலறை, மாடி எல்லாம் பார்த்துவிட்டு கொசுக்காரம்மா கட்டிலிலேயே உட்கார்ந்தார். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“புள்ளைக்கு அனலா கொதிக்குதே! எத்தனை நாளா?”

“நாலு நாளா. நீங்க எழுந்திரிங்க, அவ தூங்கட்டும்.”

“இன்னிக்கே ரத்தம் டெஸ்ட் எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

கதவைத் தாழிட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. ஓடிப்போய் விரிப்பைத் தூக்கினாள். போன மாதச் சோதனைக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த நான்கு வாளித் தண்ணீரும் தளும்பாமல் அப்படியே இருந்தது.

“ஒரு சொட்டுகூட வீணாகலடி!”

மகளின் நெற்றியில் போட, துணியை வாளியில் முக்கி எடுத்தாள்.

ஈரத்துணியில், பாட்டிலில் பார்த்த அதே புழுக்கள் துள்ளின.