கொஞ்சம் சுடும்

"சீக்கிரம் முடிங்க. வண்டி வந்துட்டே இருக்கு" என்றாள் அக்கா.

இறந்துபோன தங்கையின் நகங்களுக்குப் பூச்சுப் போட, பார்லர் பெண் வீட்டுக்கே வந்திருந்தாள். அவளிடம் மாதாமாதம் வந்து அரட்டையடித்தவள்தான் இப்போது கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள்.

"அவளுக்குப் பிடிச்ச கலர்லதான் அனுப்பணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சாதா பாலிஷ் போதாதா?"

"அது காயறதுக்குள்ள துணியில ஈஷிக்கும்க்கா. இது ஜெல். லைட் பட்டதும் கல்லு மாதிரி ஆயிடும்."

ஐந்து நகங்களிலும் பூசி, சில்லிட்டிருந்த கையைச் சின்ன விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஸ்விட்சைத் தட்டினாள். ஊதா வெளிச்சம் பரவியது.

"கொஞ்சம் சுடும்மா, கையை எடுத்துடாதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழக்க தோஷம்க்கா. இந்த வெளிச்சம் பட்டா ஜெல்லுக்குள்ள இருக்கற துகளெல்லாம் ஒண்ணோடொண்ணு பின்னிக்கிட்டு இறுகும். அப்போ சுருக்குன்னு ஒரு சூடு கிளம்பும். எல்லாருமே கையை இழுத்துப்பாங்க."

சொல்லி வாய் மூடவில்லை. பெட்டிக்குள் இருந்த கை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது.

பார்லர் பெண் துள்ளி எழுந்தாள். "அக்கா... கை... உயிரு..."

அக்கா எழுந்துபோய், அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அதான் சுடும்னு சொன்னீங்களே" என்றாள் நிதானமாக. "அழுத்திப் பிடிச்சுக்குங்க. வண்டி வந்துடுச்சு."