அவருக்கு ஊற்றியது

மலைமேல் ஏறும் வளைவில் பஸ் சாய்ந்தபோது அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வளைவுக்குப் பயந்து அல்ல.

முன் இருக்கையிலிருந்து மகள் அப்போதுதான் திரும்பிச் சொல்லியிருந்தாள்.

"மத்தியானம் திராட்சைத் தோட்டம்மா. அங்கயே சாப்பாடு. விதவிதமா வைன் ஊத்துவாங்க. அப்பாவுக்காகத்தான் இந்த வெளிநாட்டு டூரையே புக் பண்ணுனேன்."

மகளுக்குத் தெரியாது.

அப்பா முதுகு வைத்தியத்துக்குக் கேரளா போனதாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். போனது குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரிக்கு. அவர் தொடாமல் இது மூன்றாவது வருடம்.

அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவளை இருக்கையில் உட்காரவிடவில்லை.

கோட்டைச் சுவருக்குள் ஊர். கல் தெரு, கல் வீடு, வானத்துக்குக் கல் கோபுரம். அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டு உயர உயரக் கட்டியவை என்றாள் வழிகாட்டிப் பெண். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவள் மட்டும் தெருவைப் பார்த்தாள்.

அடிக்கு ஒரு கடை. கடைக்குக் கடை கண்ணாடிக்குப் பின்னால் பாட்டில்கள், கழுத்தை நீட்டிக்கொண்டு.

கடை இடப்பக்கம் வந்தால் அவருக்கு இடப்பக்கம் போனாள். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம்.

"ஏன் இப்படிச் சுத்திச் சுத்தி வர்றே? கால் வலிக்கலையா?"

"வெயிலுங்க," என்றாள்.

அவர் ஒரு ஐஸ்கிரீம் வாங்கி அவள் கையில் கொடுத்தார். என்ன நிறம் என்று கூட அவள் பார்க்கவில்லை. புறங்கை வழியே அது உருகி ஓடியது.

தோட்டத்தில் மரத்தடியில் நீள மேசை. சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள், வகிடு எடுத்த தலைபோல. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

தோட்டக்காரர் பருத்த மனிதர். பாட்டிலோடு வந்தார். அம்மாவுக்குத் தண்ணீர் போதும் என்று மகளே சொல்லிவிட்டாள்.

அவருக்கு ஊற்றினார்.

சிவப்பாய், அசைந்து அடங்கியது.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்கப்பா."

அவர் கை மேசைமேல் இருந்தது. விரல்கள் கோப்பையின் தண்டுக்கு வெகு பக்கத்தில்.

அவள் எட்டி எடுத்தாள். கஷாயம் குடிப்பதுபோல் கண்ணை மூடி ஒரே மடக்கு.

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா! நீயா?"

"தாகமா இருந்துச்சு."

காலிக் கோப்பையை அவர் முன்னாலேயே வைத்தாள். தீர்ந்தது என்று நினைத்தாள்.

தோட்டக்காரர் ஓடி வந்து மறுபடி ஊற்றினார்.

மறுபடி குடித்தாள். தோட்டக்காரர் மகிழ்ந்துபோய் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இலையை மூடாதவரை பந்தியில் பரிமாறிக்கொண்டேதானே இருப்பார்கள். காலி பண்ணக் காலி பண்ண வரும். இங்கே எதை மூடுவது?

காது சுட்டது. எதிரே மகளின் முகம் இரண்டாகி ஒன்றானது. அவள் அசையாமல் உட்கார்ந்தாள். அதையும் குடித்தாள்.

அடுத்து வேறு பாட்டில் வந்தது. இதுதான் இருப்பதிலேயே உசத்தி என்று மகள் மொழிபெயர்த்தாள். பல வருடம் மரப்பீப்பாயில் கிடந்தது. தோட்டக்காரர் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார்.

ஊற்றினார்.

அவள் கை நீளுமுன் கணவர் எடுத்துவிட்டார்.

மேசைக்கடியில் அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். ஏதாவது சொல்ல வேண்டும். மகள் பக்கத்தில் இருக்கிறாள். என்ன சொல்வது?

அவர் கோப்பையை முகத்தருகே கொண்டுபோனார்.

கண்ணை மூடினார்.

மூச்சை உள்ளே இழுத்தார். நீளமாய்.

கொடிகளுக்கு நடுவே ஏதோ பறவை கத்தி ஓய்ந்தது.

கண்ணைத் திறந்தார். கோப்பையைக் கீழே வைத்து, ஒரு விரலால் மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது நல்ல சரக்குடி. மடக்குன்னு ஊத்திக்காதே. மெதுவாக் குடி."

பிறகு தண்ணீர் ஜாடியை எடுத்துத் தனக்கு ஊற்றிக்கொண்டார்.

அவள் எடுத்தாள். கோப்பை பல்லில் தட்டியது. ஒரு வாய்.

முதலில் குடித்ததெல்லாம் தொண்டையோடு போனது. இது நாக்கில் நின்றது. மழைக்குப் பின் மண்போல ஏதோ. பழம்போல ஏதோ. நெஞ்சு வரை இறங்கி அங்கே இதமாய் உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு வாய்.

இதையா?

இதையா விட்டுவிட்டு, தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவள் போட்ட சுக்குக் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்?

கண் நிறைந்தது. வெயில் என்று சொல்ல இங்கே வெயிலும் இல்லை. மர நிழல்.

மகள் முன்னால் சாய்ந்தாள். "எப்படிம்மா இருக்கு? நல்லாருக்கில்ல?"

அவள் அவரைத்தான் பார்த்தாள்.

"கசக்குது," என்றாள். "வேப்பெண்ணெய் மாதிரி."

அவர் நம்பவில்லை.

ஆனாலும், ஆமாம் என்று தலையாட்டினார்.